பத்து விநாடிக்குள் ஒன்றை அழுத்தவும்

ஜூன் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கும் எனக்கும் இனிப் பேச்சு இல்லை என்று எட்டு மாதத்துக்கு முன்னால் வாசலில் நின்று உன்னிடம் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. போன் செய்யாமல் எழுதுவதும் அதனால்தான். உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன். எழுத்தில் என்றால் வேலையை மட்டும் பேசிக்கொள்ளலாம்.

வேலை இதுதான். கீழே கடையில், காது சோதனை அறையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமையிலிருந்து கிளம்பவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது. ஒரு தடவை பீப் என்கிறது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. இயங்குதளம் இல்லை, டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்கிறது. மேலே மூலையில் தேதி 1980 ஜனவரி 1.

கம்ப்யூட்டர் விற்பவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல இருக்கிற சவுண்டு கார்டு இப்ப வர்ற எந்த மிஷின்லயும் உக்காராதும்மா. இது ஓடுற வரைக்கும் ஓட்டிக்குங்க" என்றார். ஓடவில்லை என்றுதானே அவரைக் கூப்பிட்டேன்.

அது இல்லாமல் எனக்குச் சோதனை இல்லை. உனக்குத் தெரியும், வார்த்தைப் பட்டியல் எல்லாம் உன் அத்தான் குரலில்தான் இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவர் 'மரம்' என்பார், 'கிண்ணம்' என்பார், உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்வார், நான் வெளியே மேசையில் இருந்து மார்க் போடுவேன். அவர் போன பிறகும் தினமும் பத்துப் பேர் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாக அதுவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டது நீ. போன வருடம் இதே ஜூன் மாதம். ஈரலில் கட்டி, நாலைந்து மாதம்தான் என்று அவர் உன்னிடம் மட்டும் சொன்னதும் அந்த வாரம்தான். அன்று நீ எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான்தான் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டதற்குப் போதும் அக்கா என்றாயே தவிர, வேறு ஒரு வார்த்தைக்கும் வாயைத் திறக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டிலும் வேறு விஷயங்கள் இருந்தன. இதில் வேலை மட்டும்.

பயப்படாதே, டிஸ்க் போகவில்லை. மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும், நாணயம் மாதிரி. அது தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும், தன்னிடம் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதையும் அந்த மிஷின் அதை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேட்டரி செத்தால் எல்லாம் மறந்து 1980க்குப் போய்விடும். டிஸ்க் உள்ளேயே இருக்கும், இல்லை என்று சாதிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திற. பேட்டரியில் 2032 என்று எழுதியிருக்கும், கடிகாரக் கடையில் கிடைக்கும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே வரட்டும். பட்டையான சாம்பல் நிற வயர் ஒன்று இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துப் போகும். அதைக் கழற்றித் தூசி தட்டி, சிவப்புக் கோடு உள்ள ஓரம் மின்சார வயர் பக்கமாக இருக்கும்படி திரும்பச் செருகு. டிஸ்க்கின் பின்னால் சின்ன பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும், ஜம்பர் என்போம். எது மூத்தது எது இளையது என்று மிஷினுக்குச் சொல்வது அதுதான். அதை மட்டும் தொடாதே.

பிறகு சுவிட்சைப் போட்டு, பீப் சத்தம் வந்ததும் டெலீட் விசையை அழுத்திக்கொண்டே இரு. நீலத் திரை வரும். டிஸ்க்குகளைத் தானே கண்டுபிடிக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதைக் கொடு. தேதி, நேரம் போடு. சேமித்துவிட்டு வெளியே வா.

இந்த வேலையைத்தான் நான் இங்கே ஒரு தொழிற்சாலைக்கு உள்ளே உட்கார்ந்து தினமும் செய்கிறேன். இரும்பு கடைகிற லேத் மிஷின்களை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கும் ஞாபகசக்தி கிடையாது.

சாப்பிட்ட அன்றைய விஷயத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். வேலை மட்டும் என்றாய், நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

ஓடுகிறது. திங்கட்கிழமை நானே கழற்றி நானே மாட்டினேன். நீ தொடாதே என்ற பிளாஸ்டிக் தொப்பி இரண்டு டிஸ்க்கிலிருந்தும் என் கையோடு வந்துவிட்டது. தரையில் தேடி எடுத்து, ஒரு ஊகத்தில் மாட்டினேன். கிளம்பிவிட்டது. எல்லாம் முடிந்து நிமிரும்போது சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. அதையே மிஷினிலும் போட்டேன்.

ஆனால் இப்போது தொடங்கும்போது ஒரு பட்டியல் வருகிறது. ஒன்று, சோதனை. இரண்டு என்பதற்குப் பக்கத்தில் பெயர் இல்லை, வெறும் புள்ளி. பத்து விநாடிக்குள் ஒன்றை அழுத்தாவிட்டால் அதுவாக இரண்டுக்குப் போய்விடுகிறது. முன்பு அப்படி இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

புதன்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். முப்பது வருடம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்ததில் இடது காது மந்தம். அவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு மிஷினைப் போட்டேன். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வருவதற்குள் பத்து விநாடி தாண்டியிருக்க வேண்டும். திரும்பி வந்தால் மனிதர் ஹெட்போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்கிறார்.

"ஏன் கழட்டிட்டீங்க?"

"வார்த்தையைத் திருப்பிச் சொல்லணும்னீங்க. இவரு என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கிறாரும்மா."

"அப்படி ஒரு வார்த்தை லிஸ்ட்லயே கிடையாது."

"ஒருமுறைக்கு ரெண்டுமுறை கேட்டாரு. நான் சாப்பிட்டேன்னு சொன்னேன். பொய் சொல்லாதேங்கிறாரு."

நான் வாங்கி என் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. ஆனால் சத்தமில்லாததில் இரண்டு வகை உண்டு, என் தொழிலில் அது தெரியும். ஒன்று, வயர் இறந்து கிடப்பது. இன்னொன்று, யாரோ பேசாமல் காத்திருப்பது. இது இரண்டாவது.

அவரை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு மிஷினை அணைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போகிறேன். சாப்பிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பேன். அவர் போனதிலிருந்து ராத்திரித் தூக்கம் கிடையாது, அந்த இரண்டு மணி நேரம்தான். இரண்டு நாளாக நாலரைக்கு வந்து கடையைத் திறந்தால் மிஷின் அணைந்துதான் இருக்கிறது, ஆனால் மேலே கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

பட்டியல் விஷயம் சுலபம். தொப்பிகளை மாற்றி மாட்டிவிட்டாய். மூத்தது இளையதாகி, இளையது மூத்ததாகிவிட்டது. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கட்டும் என்று இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு பட்டியல் எழுதியிருந்தேன். முதல் டிஸ்க்கின் பட்டியல் திரையில் வராது, நேராகச் சோதனைக்குப் போகும். இரண்டாவதின் பட்டியல் சும்மா விட்டால் அத்தானின் பக்கம் போகும். இப்போது மிஷின் முதலில் படிப்பது அதைத்தான். தொப்பிகளைத் திருப்பி மாட்டினால் பழையபடி ஆகிவிடும்.

இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று போன அக்டோபரிலேயே முடிவு செய்தேன். அதைச் சொல்ல நீ வாய்ப்புக் கொடுக்கவில்லை. அதனால் இதையும் எழுதுகிறேன். பட்டியலை அப்படி வைக்கச் சொன்னது அத்தான்தான். பிறகு ஆகஸ்டில் போன் செய்து, "மிஷின் எந்திரிச்சதும் ஒரு ஃபைல் தானா ஓடணும், கூடவே உள் அறை மைக்ல வர்றதைப் பதியணும். அதுக்கு என்னப்பா செய்யணும்?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு வேலை பாதியில இருக்கு. முடிஞ்சதும் அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

டிரைவர் கேட்டது அத்தானின் குரலாகத்தான் இருக்கும். வேறு எப்படி.

மிஷின் சூடாக இருப்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. ஒரு தடவை வேண்டுமென்றே இரண்டுக்குப் போக விடு. அங்கே ஃபைல் பட்டியலைப் பார். மைக்கில் பதிவானது இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கும். கடையின் பின்கதவுப் பூட்டையும் மாற்றிவிடு.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

பார்த்தேன். பதிவுகள் ஒன்பது இருக்கின்றன. ஒன்று டிரைவருடையது, இரண்டு நிமிடம், அதில் அவர் பாவம் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்கிறார். மற்ற எட்டும் நாற்பது நாற்பது நிமிடம். நேரம் ராத்திரி 1.58, 2.05, 2.11. எல்லாம் அந்த நேரத்தைச் சுற்றியே.

ஒன்றைப் போட்டுக் கேட்டேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. ரப்பர் பட்டி போட்ட கதவு உள்ளே இழுத்துச் சாத்தப்படுகிற சத்தம், அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அப்புறம் ஒரு பெண் பேசுகிறாள்.

"ம். சாப்பிட்டேன்." ஒரு இடைவெளி. "பொய் இல்ல. ரெண்டு வாய் சாப்பிட்டேன்." இடைவெளி. "அணைச்சிட்டேன்." சிரிக்கிறாள். "நீங்கதான் மறப்பீங்க."

குழைந்து குழைந்து பேசுகிறாள். சின்ன வயதுக் குரல். அவள் பதில் சொல்வது யாருக்கென்று எனக்குத் தெரியாதா? அவர் அவளுக்காக ஒரு டிஸ்க் முழுக்கப் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் ராத்திரி இரண்டு மணிக்கு என் கடைக்குள் வந்து, என் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுப் போகிறாள். நான் மாடியில் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போதே. பூட்டை மாற்றிய பிறகும் வந்திருக்கிறாள்.

பாதியில் இருக்கிற வேலை என்றாராம். எனக்குச் சொல்வதாகச் சொன்னாராம். நீயும் நம்பிவிட்டாய், அல்லது நம்பியதாக எழுதுகிறாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்கு இன்னொருத்தி இருந்தாளா? கட்டியை மறைத்த மாதிரி அவளையும் சேர்த்து மறைத்தாயா?

அந்த இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். துண்டில் சுற்றி, பெட்டியில் பஞ்சு அடைத்திருக்கிறேன். நீயே கேள். கேட்டுவிட்டு யாரென்று எழுது. இப்போது மிஷினில் பழைய டிஸ்க் மட்டும்தான், சோதனைக்கு மட்டும்தான் போகிறது. பட்டியலே வருவதில்லை.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

அது நீதான்.

முதல் பதிவில் முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் குரலில் நீ எங்கள் யாரிடமும் பேசியதில்லை. அம்மாவிடம்கூட இல்லை. உன் கல்யாணத்துக்கு மறுவருடம் நான் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, சமையலறையில் அத்தானிடம் நீ பேசியதைத் தெரியாமல் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அக்காவுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று நினைத்தேன். அவள்தான் இவள்.

நேரமும் ராத்திரி இல்லை. அந்த மிஷினின் கடிகாரம் இருபத்துநாலு மணிக் கணக்கு. மதியம் மூன்று மணிக்கு நீ பதினைந்து என்று போட்டிருக்க வேண்டும். மூன்று என்று போட்டாய். அதற்கு அது விடிகாலை மூன்று. இதைச் சொல்ல மறந்தது என் தப்பு. ஆக 2.05 என்றால் மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடம். நீ மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிற நேரம்.

நீ தூக்கத்தில் எழுந்து கீழே வருகிறாய் அக்கா. மிஷினைப் போடுகிறாய், எதையும் அழுத்துவதில்லை, உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய். முடிந்ததும் அணைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறாய். எதிர்க்கடைத் தையல்காரம்மாவைக் கேட்டுப் பார். அவர் கண்ணில் படாமல் அந்தத் தெருவில் ஒன்றும் நடக்காது. மாத்திரை கொடுத்த டாக்டரிடமும் போய்ச் சொல்.

அத்தானின் ஃபைலையும் எடுத்தேன். பதினொரு நிமிடம். இங்கே இரண்டு பழைய மிஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அவர் குரலையும் இன்னொன்றில் உன் பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பல்லோடு பல் பொருந்துகிற மாதிரி உட்கார்ந்தது. அவர் சாப்பிட்டியா என்கிறார், நீ சாப்பிட்டேன் என்கிறாய். மாடி லைட்டை அணைத்தாயா என்கிறார். நீ எவ்வளவு நேரம் யோசித்துப் பதில் சொல்வாய் என்று அளந்து இடைவெளி விட்டிருக்கிறார். லேத் ஓட்டுகிறவர் டீயோடு உள்ளே வந்து நின்று கேட்டுவிட்டு, "யாருப்பா இது, புருஷன் பொண்டாட்டி வீட்டு விஷயத்தை ரேடியோல பேசிக்கிட்டு?" என்றார்.

இன்னொருத்தி கிடையாது. உனக்காகத்தான் செய்து வைத்தார். உனக்குச் சொல்வதற்குள் போய்விட்டார்.

இதுவரை எழுதியது ஆறுதலான பாகம். மீதியையும் எழுத வேண்டும், மறைப்பதில்லை என்று சொல்லிவிட்டேனே. அவர் கடைசியாகச் சொல்வது இது: "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்குச் சொல்றேன்." அத்தோடு ஃபைல் முடிந்துவிடுகிறது. அப்புறம் எதுவும் இல்லை, டிஸ்க் முழுக்கத் தேடிவிட்டேன். ஆனால் உன் பதிவு நாற்பது நிமிடம். அவர் முடித்ததும் நீ, "நாளைக்கு என்ன, இப்பவே சொல்லுங்க" என்கிறாய். அதன் பிறகு இருபத்தொன்பது நிமிடம் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். நடுநடுவே ம் கொட்டுகிறாய். ஒரு இடத்தில் "அப்படியா" என்கிறாய். ஒரு இடத்தில் அழுகிறாய். எட்டுப் பதிவிலும் ம் வருகிற இடங்கள் வேறு வேறு.

தூக்கத்தில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

தையல்காரம்மாவைக் கேட்டேன். "ரெண்டு மணியானா உள்ள லைட்டு எரியுமே. நீங்க கண்ணாடிக்குள்ள உக்காந்து பேசிட்டிருப்பீங்க. யாரோ ஆளு இருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார். எந்தப் பக்கம் ஆள் இருந்ததாக நினைத்தீர்கள் என்று கேட்டேன். "மேசைப் பக்கம். உங்க சீட்டுல" என்றார். நன்றாகப் பார்த்தீர்களா என்றதற்கு, "கண்ணாடியில வெயில் அடிக்குதும்மா, யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலு நாளாகப் போடவில்லை. இருந்தும் மதியம் தூக்கம் வந்து அமுக்குகிறது.

நேற்று விழித்தபோது கட்டிலில் இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன், ஹெட்போன் மாட்டியபடி. வெளியே மிஷின் அணைந்திருந்தது. சுவிட்சே போடவில்லை, பிளக் கீழே கிடந்தது. அவருடைய டிஸ்க் உன்னிடம் இருக்கிறது. என் வாயில் ஒரு வார்த்தை பாதி இருந்தது. "சரி" என்று முடித்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வெயில் வேளையில் வீட்டுத் திண்டாட்டத்தை எல்லாம் ஒருவரிடம் கொட்டிவிட்டு எழுந்த மாதிரி நெஞ்சு லேசாக இருந்தது.

இன்னொருத்தி என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

உன்னை வரச் சொல்லவில்லை. வாசல் பூட்டையும் மாற்றியிருக்கிறேன் என்பதால் சாவி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்ததைப் பாதி வழியிலேயே தீர்த்துவிட்டேன்.

மூன்று நாளும் நீ என்னைச் சண்டை போடாமல் வைத்துக்கொண்டதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நான் உன்னிடம் மறுபடியும் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ நேராகக் கேட்டபோது. பஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் இறங்கித் திரும்பி வந்துவிடலாமா என்றிருந்தது.

நான் வந்த மதியம் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

இரண்டேகால் இருக்கும். கடை மூடியிருந்தது. நீ அனுப்பிய சாவியால் திறந்தேன். லைட் எரிந்தது. நீ கண்ணாடி அறைக்குள் இருந்தாய், கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. மிஷினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. மேசை மேல் இருக்கிற, உள்ளே இருப்பவரோடு பேசுகிற சின்னப் பெட்டியிலிருந்து உன் குரல் வந்துகொண்டிருந்தது. அந்தக் குரல்.

நான் உன் நாற்காலியில் உட்காரவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆள் இருக்கிற நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்களே, அப்படி. பக்கத்தில் நின்றுகொண்டே பேசுகிற பட்டனை அழுத்தி, "அக்கா" என்றேன்.

நீ உடனே திரும்பினாய். "வந்துட்டியா. அவர் இப்பதான் சொல்லிட்டிருந்தார். பஸ்ல தூங்கிட்டு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிட்டியாமே. வெயில்ல நடந்தே வந்திருக்கே" என்றாய்.

அப்புறம்தான் நீ விழித்தாய். கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தாய். "நான் ஏதாவது பேசினேனா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, சும்மா முனகிட்டிருந்தே" என்றேன்.

அக்கா, நான் தூங்கித்தான் போனேன். ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன். தண்ணீர்த் தொட்டி இருக்கிற நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் ஒருவரிடமும் பேசவில்லை. அதை யாருக்கும் சொல்லவில்லை.

அத்தான் கட்டியைப் பற்றிச் சொன்ன அன்று, உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை நாலு மாதம் ஓடிவிட்டது. இந்தத் தடவை நாலு நாளில் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் வேகமாக எனக்கு வரவில்லை.

நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். டிஸ்க்கை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன். அந்தக் கடையை விட்டு வேறு இடம் பார்க்கலாம் என்றால் அதற்கும் வருகிறேன்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கோபம் வரவில்லை. படித்து முடித்ததும் முதலில் தோன்றியது, நீ பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாயே, ஒரு குடை எடுத்து வந்திருக்கக் கூடாதா என்பதுதான்.

வெள்ளிக்கிழமை நான் தூங்கவில்லை. ஒரு மணிக்குக் கடையை மூடினேன், மாடிக்குப் போகவில்லை. கண்ணாடி அறையை வெளியிலிருந்து சாத்தினேன். ஹெட்போன் உள்ளே கொக்கியில் தொங்கியது. மிஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பேச்சுப் பெட்டியை மட்டும் போட்டேன், அது தனி. உள்ளே சத்தம் இருந்தால் பெட்டியில் கேட்கும், அதன் முகத்தில் இருக்கிற முள்ளும் அசையும். என் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். எதிரே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முள் எழுந்தது. காற்றுக்கு ஆடுகிற மாதிரி இல்லை. ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. மூச்சு விடுகிறவர் மைக் அருகே இருந்தால் அப்படித்தான் ஆடும். தினமும் பார்க்கிறேன், தப்பாகச் சொல்ல மாட்டேன். உள்ளே யாரும் இல்லை. நாற்காலியின் பச்சை ரெக்சின் தெரிந்தது, அதில் கிழிசலுக்கு நான் போட்ட பழைய தையல் தெரிந்தது.

சத்தம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டுகிற திருகியைக் கடைசிவரை திருப்பினேன். இரைச்சல்தான் வந்தது. முள் மட்டும் ஆடியது. உள்ளே போய் ஹெட்போனை மாட்டினால் கேட்கும் என்று தெரிந்தது. மாட்டினால் மறுபடியும் எழுந்து வருவேனா என்பது தெரியவில்லை. கைப்பிடி வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பட்டனை அழுத்தி, அவரிடம் கேட்டேன். விழித்துக்கொண்டு, என் சொந்தக் குரலில், கடை நடத்துகிற குரலில்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

முள் நின்றது. நான் பட்டனை விட்டேன். அப்புறம் அது எழுந்தது, தம்பி. மூச்சு மாதிரி இல்லை. பேச்சு மாதிரி. ஒருவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து நீளமாகச் சொன்னால் முள் எப்படி ஆடுமோ அப்படி. ஐந்து நிமிடம் இருக்கலாம், பத்து இருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காது சோதிக்கிறவள் நான். அதில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

முள் ஓய்ந்ததும் பட்டனை அழுத்தினேன்.

"எனக்குக் கேக்கல. பரவாயில்ல. சொல்லிட்டீங்க இல்ல, அது போதும். போய்ப் படுங்க."

முள் ஒரு தடவை துளி எழுந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதன் பிறகு எழுந்து கண்ணாடி அறைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அப்புறம்தான் அழுதேன், தையல்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை. நாலரைக்குச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள், பார்த்தேன். சனி, ஞாயிறு, இன்று, மூன்று மதியமும் விழித்தபடி பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முள் அசையவில்லை. ராத்திரியில் தூங்குகிறேன்.

டிஸ்க்கை அழிக்காதே. எனக்குத் திருப்பியும் அனுப்பாதே. அங்கேயே ஒரு மிஷினில் போட்டு, மதியத்தில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை அவர் முன்னால் உட்கார். நாலு மாதம் அவர் உன் மேல் ஏற்றி வைத்த சுமையைப் பற்றி நீயும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பரவாயில்லை. கேட்டுவிட்டு வா.

அக்கா